வயதுக்கும் பிரேதப் பரிசோதனைக்கும் ஏற்ப எம்பாமிங்: முழுமையான வழிகாட்டி

இறந்தவர் உடல் அழுகாமல் இருக்க ரசாயனக் கரைசல் செலுத்திப் பதப்படுத்துவதே எம்பாமிங். அறுக்கப்படாத ஒரு பெரியவர் உடலில் அது பெரும்பாலும் ஒரே வழியில் முடிந்துவிடும். தொடையிலோ கழுத்திலோ ஒரு தமனியைத் திறந்து, கானுலா என்ற மெல்லிய குழாயைச் செருகிக் கரைசலைச் செலுத்தினால் அது உச்சி முதல் பாதம் வரை போய்ச் சேரும். இந்த வழி மூன்று இடங்களில் தடுமாறும்: பச்சிளங்குழந்தை, தளர்ந்த முதியவர், போஸ்ட்மார்ட்டம் முடிந்து வந்த உடல். தமிழ்நாட்டு மருத்துவக் கல்லூரிகளுக்கு எம்பாமிங் கேட்டு வருபவை முக்கியமாக விமானத்தில் வெளிமாநிலத்துக்கோ வெளிநாட்டுக்கோ போக வேண்டிய உடல்கள். அவற்றில் விபத்து, தற்கொலை, திடீர் மரணம் என்று அறுக்கப்பட்ட பிறகு வருபவை நிறைய. அனாடமி, தடயவியல் துறைகளில் இந்த வேலையைச் செய்யும் டெக்னீசியன்களுக்காகவும் உதவியாளர்களுக்காகவும் இதை எழுதுகிறோம்.

எம்பாமிங்கில் நம் கையில் இருப்பவை மூன்று: கரைசலின் வீரியம், அளவு, அழுத்தம். மூன்றும் தனித்தனியாகத் திருப்ப வேண்டியவை. குழந்தை என்றதும் மூன்றையும் சேர்த்துக் குறைப்பதும், அறுத்த உடல் என்றதும் மூன்றையும் சேர்த்துக் கூட்டுவதும்தான் நாம் அதிகம் பார்க்கும் தவறு.

தொடங்கும் முன்

போலீஸ் வழக்கு உள்ள மரணமா என்பதை முதலில் கேளுங்கள். பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதா 194-ஆம் பிரிவின் கீழ் (பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 174) விசாரணை நடந்தால், பிரேதப் பரிசோதனை முடிந்து உடலை ஒப்படைக்கும் ஆணை கையில் வரும்வரை ஒரு சொட்டு ஃபார்மலின்கூட (ஃபார்மால்டிஹைடு கரைந்த நீர்) உள்ளே போகக் கூடாது. ஃபார்மால்டிஹைடு சயனைடுடன் வினைபுரிந்து அதைக் கண்டுபிடிக்க முடியாமல் செய்துவிடும். கரைசலில் உள்ள ஆல்கஹால், இறந்தவர் குடித்திருந்தாரா என்ற சோதனையையே குழப்பிவிடும். ரசாயனப் பரிசோதனைக்கு அனுப்பும் உள்ளுறுப்புகளை ஃபார்மலினில் போடாமல் செறிந்த உப்புக் கரைசலில் வைப்பதும் இதனால்தான்.

கண் தானத்துக்குக் குடும்பத்தார் சம்மதித்திருந்தால் அதுவும் எம்பாமிங்குக்கு முன்பே முடிய வேண்டும். இறந்து ஆறு மணி நேரத்துக்குள் கருவிழியை எடுத்தாக வேண்டும் என்பதால் இந்தக் கேள்வியைத் தள்ளிப்போட முடியாது.

என்-95 முகக்கவசம் ஃபார்மலின் ஆவியைத் தடுக்காது. ஃபார்மால்டிஹைடுக்கான வடிகட்டி பொருத்திய மாஸ்க், கண்ணாடி, நைட்ரைல் கையுறை, தரைமட்டத்தில் எக்ஸாஸ்ட் ஃபேன் ஆகியவை வேண்டும். உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை ஃபார்மால்டிஹைடை மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கும் பொருள்களின் முதல் பிரிவில் வைத்திருக்கிறது. தினமும் இதே அறையில் நிற்பவர் தன் உடம்பைப் பார்த்துக்கொள்ள வேண்டும். ஃபார்மலின் சிந்திய இடத்தைப் பிளீச்சிங் பவுடர் போட்டுக் கழுவாதீர்கள். இரண்டும் சேர்ந்தால் நச்சு வாயு கிளம்பும். நிறையத் தண்ணீரும் சோப்பும் போதும்.

கரைசல் கணக்கு

கடையில் கிடைக்கும் ஃபார்மலினில் எடைக்கு சுமார் 37 சதவீதம் ஃபார்மால்டிஹைடு இருக்கும். கணக்கு எளிது: வேண்டிய சதவீதத்தை மொத்த அளவால் பெருக்கி 37-ஆல் வகுக்க வேண்டும். 10 லிட்டரில் 2 சதவீதம் வேண்டுமென்றால் 2 × 10,000 ÷ 37, அதாவது 540 மி.லி. ஃபார்மலின். 3 சதவீதத்துக்கு 810 மி.லி. இதோடு 10 லிட்டருக்கு கிளிசரின் 500 மி.லி., ஐசோபுரோப்பைல் ஆல்கஹால் 1 லிட்டர், நிறத்துக்கு ஒரு சிட்டிகை இயோசின், மீதிக்குத் தண்ணீர். ஃபீனால் சேர்ப்பதாக இருந்தால் 100 மி.லி. தாண்ட வேண்டாம். அது தோலை வெளுக்க வைக்கும். முகம் பார்க்கப்போகும் உடலுக்கு நாங்கள் ஃபீனாலைத் தமனி வழியே கொடுப்பதில்லை, புண்களுக்கு மட்டும் வைத்துக்கொள்கிறோம்.

இயோசினை விட்டுவிடாதீர்கள். கரைசல் எங்கே போயிருக்கிறது, எங்கே போகவில்லை என்பதை நகக்கண்ணிலும் காதுமடலிலும் காட்டுவது அந்த இளஞ்சிவப்புதான்.

அளவுக்கு ஒரு கிலோ எடைக்கு 150 முதல் 170 மி.லி. என்று வைத்துக்கொள்ளலாம். 60 கிலோ பெரியவருக்கு 9 முதல் 10 லிட்டர் வரும். மூன்றரைக் கிலோ குழந்தைக்கு 600 மி.லி.க்குள் முடிந்துவிடும்.

பச்சிளங்குழந்தை

மெல்லிய தோல், சின்ன உடம்பு, அதனால் மருந்தையும் நீர்க்க வைப்போம் என்று தோன்றுவது இயல்பு. ஆனால் பிறந்த குழந்தையின் எடையில் முக்கால் பங்கு தண்ணீர். உள்ளே போகும் கரைசல் அங்கே மேலும் நீர்த்துப்போகும். அரை சதவீதக் கரைசல் கொடுத்த குழந்தையின் உடல் அடுத்த நாளே தளர்ந்து வயிறு பச்சை தட்டுவது இதனால்தான். ஆகவே வீரியத்தை 1.5 சதவீதத்துக்குக் கீழே இறக்காமல், அளவையும் அழுத்தத்தையும் குறைக்க வேண்டும். ஒரு லிட்டர் கலக்க 40 மி.லி. ஃபார்மலின், 60 மி.லி. கிளிசரின், மீதி தண்ணீர். கிளிசரினைப் பெரியவர்களுக்குக் கொடுப்பதைவிடச் சற்றுக் கூட்டியிருக்கிறோம். குழந்தையின் உதடும் விரல் நுனியும்தான் முதலில் காய்ந்து பழுப்பாகும்.

எம்பாமிங் மெஷின் வேண்டாம். கழுவிய குளுக்கோஸ் பாட்டிலில் கரைசலை ஊற்றி டிரிப் செட் மாட்டி, மேசையிலிருந்து ஒரு மீட்டர் உயரத்தில் தொங்க விடுங்கள். ஒரு மீட்டர் உயரம் தரும் அழுத்தம் சுமார் 74 மி.மீ. பாதரசம், அதாவது சதுர அங்குலத்துக்கு ஏறக்குறைய 1.4 பவுண்டு (இனி வெறும் பவுண்டு என்றால் இந்த அழுத்தக் கணக்குதான்). பாட்டிலை ஏற்றி இறக்கியே அழுத்தத்தை மாற்றிக்கொள்ளலாம். 50 மி.லி. சிரிஞ்சால் கையால் தள்ளுவதை முடிந்தவரை தவிர்க்க வேண்டும். கை தரும் அழுத்தம் எவ்வளவு என்று நமக்கே தெரியாது. கண்ணிமையும் கழுத்தும் வீங்கிய பிறகுதான் தெரியும், வீங்கியது திரும்ப வடியாது.

குழாய் செருகக் கழுத்தின் வலது பொதுக் கரோட்டிட் தமனி நல்லது. குழந்தையின் கழுத்து குட்டையாகவும் கொழுப்பு மடிந்தும் இருக்கும். தோளுக்கு அடியில் சுருட்டிய துணி ஒன்றை வைத்துத் தலையை லேசாகப் பின்னால் சாய்த்தால் கழுத்து நீளும். காறை எலும்புக்குச் சற்று மேலே, தோல் மடிப்போடு சேர்த்து 2 செ.மீ. கீறல் போதும்; மடிப்புக்குள் தையல் மறைந்துவிடும். 20 கேஜ் இளஞ்சிவப்பு வென்ஃப்ளானின் (டிரிப் ஏற்றக் குத்தும் ஊசி) பிளாஸ்டிக் உறை மட்டும், அல்லது 5 எண் ஃபீடிங் டியூப், இந்தத் தமனிக்குப் பொருந்தும். குறைப்பிரசவக் குழந்தைக்கு 22 கேஜ் நீலம். உலோக ஊசியை உள்ளே விட்டு வைக்காதீர்கள், தமனிச் சுவர் கிழியும். பிறந்து ஓரிரு நாளில் இறந்த குழந்தைக்குத் தொப்புள்கொடி ஈரமாக இருந்தால் தொப்புள் சிரை வழியாகவே செலுத்தலாம், புதிதாக எங்கும் கீற வேண்டாம்.

முதலில் கீழ்நோக்கி உடலுக்கு, மெதுவாக, நிமிடத்துக்கு 20 முதல் 30 மி.லி. கழுத்தின் ஜுகுலர் சிரையை லேசாகத் திறந்து ரத்தம் வடிய விடுங்கள். கால் விரல் நிறம் மாறியதும் மேல்நோக்கித் தலைக்கு 30 முதல் 50 மி.லி. கொடுத்தால் போதும். தமனியே கிடைக்காத, இறந்து பிறந்த சிசுவுக்கு 22 கேஜ் ஊசியால் தொடை, புட்டம், முதுகு, கை என்று பல இடங்களில் தோலடி ஊசி போட்டு, 10 சதவீத ஃபார்மலினில் நனைத்த பஞ்சால் உடலைச் சுற்றி பிளாஸ்டிக் உறையில் சில மணி நேரம் வைப்பதே வழி. முகத்தில் அந்தப் பஞ்சு படாமல் வாசலைன் தடவிய காஸ் துணியை வையுங்கள்.

வாயை மூடப் பெரியவர்களுக்குப் போடுவதுபோல மூக்குத் தண்டு வழியாகத் தையல் போட வேண்டாம். ஈறு மென்மை, மேலுதடு இழுபட்டு முகமே மாறிவிடும். உதட்டின் உள்பக்கம் ஒரு சிறு சொட்டு ஒட்டும் பசை, வெளியே வாசலைன். கண்ணிமைக்கு அடியில் மெல்லிய பஞ்சு ஒரு இழை. குழந்தையின் உதடு இயல்பாகவே சற்றுத் திறந்திருக்கும், அதை இறுக்கி மூட வேண்டியதில்லை. தாய் பார்த்தது அந்த முகத்தைத்தான்.

மஞ்சள்காமாலையோடு இறந்த குழந்தையாக இருந்தால் எச்சரிக்கை தேவை. ஃபார்மால்டிஹைடு மஞ்சள் நிறமியான பிலிருபினைப் பச்சை நிற பிலிவெர்டினாக மாற்றும். முதலில் வெறும் சலைன் 200 மி.லி. செலுத்தி ரத்தத்தை வடித்துவிட்டு, 1 சதவீதக் கரைசலை ஒன்றரை மடங்கு அளவில் கொடுங்கள். வீரியத்தைக் குறைப்பதற்கு நாங்கள் ஒப்புக்கொள்ளும் விதிவிலக்கு இது. கல்லீரல் நோயில் இறந்த பெரியவருக்கும் இதே முறை. நிறம் கொஞ்சம் மாறலாம் என்று குடும்பத்தாரிடம் முன்பே சொல்லிவிடுங்கள்.

ஓராண்டிலிருந்து பன்னிரண்டு வயது வரை பெரிய வித்தியாசம் இல்லை. எடைக்கேற்ற அளவு, 1.5 முதல் 2 சதவீதம், மெஷினில் 2 முதல் 5 பவுண்டு. கரோட்டிட்டோ ஃபீமோரலோ (தொடைத் தமனி) எது எளிதோ அது.

முதியவர்

முதியவர் உடலில் அழுத்தம்தான் ஆபத்து. தொடைத் தமனியில் சுண்ணாம்பு படிந்து குழாய்போல் விறைத்திருக்கும். கானுலா செருகும்போது உள்சுவர் உரிந்து வழியை அடைத்துக்கொள்ளும். விரலால் அழுத்திப் பாருங்கள். நொறுநொறுவென்றால் அதை விட்டுவிட்டுக் கரோட்டிட்டுக்குப் போங்கள். அங்கே படிவு இருந்தாலும் உட்பாதை பெரும்பாலும் மிஞ்சியிருக்கும். நீளவாக்கில் வெட்டாமல் குறுக்கே பாதி மட்டும் வெட்டுங்கள். மெஷினை 5 பவுண்டில் தொடங்கி 10-க்கு மேல் ஏற்றாதீர்கள். வயிற்றில் மகாதமனி வீக்கம் இருந்தவரானால் வேகமாகச் செலுத்தும் கரைசல் முழுவதும் வெடித்த இடத்தின் வழியே வயிற்றுக்குள் கொட்டிவிடும். மெஷினில் அளவு இறங்கிக்கொண்டே போகிறது, கால் நிறம் மாறவில்லை, வயிறு மட்டும் உப்புகிறது என்றால் அதுதான் நடக்கிறது. உடனே நிறுத்திவிட்டுக் கால்களுக்குத் தனியாகக் கொடுங்கள்.

கால் வீங்கிய இதயநோயாளி, சிறுநீரக நோயாளி உடலில் உடல் முழுவதற்கும் வீரியத்தைக் கூட்டினால் முகம் வற்றிப்போகும். உடலுக்கு 2 சதவீதம் கொடுத்துவிட்டு, வீங்கிய காலுக்கு மட்டும் ஃபீமோரல் வழியாகத் தனியே 3 முதல் 4 சதவீதம் கொடுங்கள். பிறகு காலை உயர்த்தி, கிரேப் பேண்டேஜை விரலிலிருந்து தொடை நோக்கிச் சுற்றுங்கள். தோல் காகிதம்போல் இருக்கும். பிளாஸ்டரை ஒட்டிப் பிய்த்தால் தோலும் சேர்ந்து வரும், ஆகவே டிரிப் போட்ட இடங்களில் பிளாஸ்டரை விட்டுவிட்டு அதன் மேல் பஞ்சு வைத்துக் கட்டுவது நல்லது. படுக்கைப் புண்ணுக்கு நீர்க்காத ஃபார்மலினோடு கொஞ்சம் ஃபீனால் சேர்த்து நனைத்த பஞ்சை அரை மணி நேரம் வைத்து, பின் எடுத்து, பிளாஸ்டிக் விரித்து மூடுங்கள்.

பல்செட் இருந்ததா என்று வீட்டாரிடம் கேட்டு வாங்கி, கரைசல் செலுத்துவதற்கு முன்பே பொருத்திவிடுங்கள். தசை இறுகிய பிறகு பொருத்த முடியாது. நெஞ்சில் பேஸ்மேக்கர் இருக்கிறதா என்று தடவிப் பாருங்கள். தகனம் செய்யப்போகிறார்கள் என்றால் அதை எடுத்தே ஆக வேண்டும், எரிவாயு மயானத்தில் அதன் பேட்டரி வெடிக்கும்.

வாயைத் தைப்பதா ஒட்டுவதா என்பதையும் அவர்களிடம் பேசுங்கள். வாய்க்கரிசி போட வேண்டிய குடும்பத்துக்கு, வாய் திறக்காது என்பது சுடுகாட்டில் தெரியவந்தால் பெரிய வேதனை. உதட்டின் மேல் அரிசியை வைக்கலாம் என்று முன்கூட்டியே சொன்னால் பெரும்பாலும் ஏற்றுக்கொள்வார்கள்.

போஸ்ட்மார்ட்டம் முடிந்த உடல்

இங்கே ரத்த ஓட்டப் பாதை துண்டு துண்டாகக் கிடக்கிறது. இதயமும் மகாதமனியும் போய்விட்டன. மூளையை எடுத்ததால் மண்டைக்குள்ளும் தமனிகள் வெட்டுப்பட்டிருக்கின்றன. ஒரே குழாயில் செலுத்தினால் எல்லாமே நெஞ்சுக்குள் கொட்டும். ஆறு இடங்களில் தனித்தனியாகச் செலுத்த வேண்டும்: இரண்டு கால், இரண்டு கை, தலையின் இரண்டு பக்கம்.

இதில் பாதி வேலை அறுக்கும் மேசையிலேயே நடக்க வேண்டியது. எம்பாமிங் உண்டு என்று முன்பே தெரிந்தால், நாக்கையும் குரல்வளையையும் சேர்த்து எடுப்பதற்கு முன் இரு கரோட்டிட் தமனிகளையும் நீளமாக விட்டு, நுனியில் நூல் கட்டி வெளியே விடச் சொல்லுங்கள். தூக்கு, கழுத்து நெரிப்பு வழக்குகளில் கழுத்தைத் திறந்து பார்த்தே ஆக வேண்டும் என்பதால் எல்லா நேரமும் இது முடியாது. முடியும்போதெல்லாம் கேட்டுப் பெறுங்கள். அந்த நூல் இல்லாவிட்டால் தமனி நுனி கழுத்துச் சதைக்குள் சுருங்கிப்போய், அதைத் தேடுவதிலேயே நேரம் போய்விடும்.

கரைசல் 2.5 முதல் 3 சதவீதம். அறுத்த உடல் குளிர்பதனப் பெட்டியில் ஒன்றிரண்டு நாள் கிடந்திருக்கும், சுற்றோட்டமும் முழுமையாக இருக்காது. உறைந்திருந்தால் முழுவதும் உருகிய பிறகே தொடங்குங்கள். தையலைப் பிரித்து உள்ளுறுப்புகளை வெளியே எடுத்து வைத்து, குழியில் தேங்கியதை உறிஞ்சிவிடுங்கள்.

முதலில் கால்கள். இடுப்பெலும்பின் உள்விளிம்பை ஒட்டிப் போகும் வெளி இலியாக் தமனியைக் கண்டுபிடித்துக் கானுலாவைக் கீழ்நோக்கிச் செருகி நூலால் கட்டுங்கள். 5 முதல் 10 பவுண்டில், காலுக்கு ஒன்றரை முதல் இரண்டு லிட்டர். தமனி மேலேயே அறுந்திருந்தால், இடுப்பின் முன்முனைக்கும் பூப்பெலும்பு இணைப்புக்கும் நடுவில் கீறி ஃபீமோரலை எடுங்கள். புட்டத்துக்கு உள் இலியாக் தமனிதான் போகிறது. அதற்கும் தனியே அரை லிட்டர் கொடுக்க முயலுங்கள், கிடைக்காவிட்டால் பிறகு ஊசி வழி.

அடுத்து கைகள். காறை எலும்புக்கு அடியில் சப்கிளேவியன் தமனி. கைக்கு அரை முதல் முக்கால் லிட்டர். இதைச் செலுத்தும்போது மண்டைக்குள் முதுகுத்தண்டுத் துளையிலிருந்து கரைசல் பீறிடுவதைப் பார்ப்பீர்கள். சப்கிளேவியனிலிருந்து கிளம்பும் வெர்டிப்ரல் தமனி வழியாக அது வருகிறது. கிளையை ஆர்ட்டரி ஃபோர்செப்ஸால் பிடியுங்கள், அல்லது அந்தத் துளையைப் பஞ்சால் இறுக அடையுங்கள். மார்பெலும்பின் ஓரத்திலிருந்து கசிந்தால் அது உள்மார்புத் தமனி, அதையும் பிடியுங்கள். இந்த இரண்டையும் அடைக்காமல் எத்தனை லிட்டர் விட்டாலும் விரல் நிறம் மாறாது.

தலை கடைசியில். மண்டைக் குழியின் தரையில், நடுவே இருக்கும் சிறு பள்ளத்தின் இருபக்கமும் உள் கரோட்டிட் தமனிகளின் வெட்டு முனைகள் தெரியும். இரண்டையும் சிறிய ஃபோர்செப்ஸால் பிடித்த பிறகு, இடது கரோட்டிட்டில் மெதுவாக, 2 முதல் 4 பவுண்டில் அரை லிட்டருக்குள், பிறகு வலதில் அதே அளவு. காதுமடலும் உதடும் நிறம் மாறியதும் நிறுத்துங்கள். நாக்கை எடுத்திருந்தால் வாயின் அடித்தளத்தில் கசியும், பஞ்சை அழுத்தி வையுங்கள். கரோட்டிட் மிக மேலே அறுந்திருந்தால் தாடைக் கோணத்துக்குக் கீழே வெளி கரோட்டிட்டைத் தேடலாம்.

நெஞ்சுச் சுவர், முதுகு, தோள், பிறப்புறுப்பு ஆகியவற்றுக்குத் தமனி வழி போகாது. நீண்ட ஊசியால் உள்பக்கத்திலிருந்தே சதைக்குள் பல இடங்களில், மொத்தம் ஒரு லிட்டர் வரை. அறுத்த உடல்களில் முதலில் அழுகுவது தமனிக் கரைசல் எட்டாத இந்த முதுகுப் பகுதிதான். ஆனால் அவசரத்தில் விட்டுப்போவதும் இதுவே.

உள்ளுறுப்புகளை அப்படியே திருப்பிப் போட்டுத் தைத்துவிடுவது பல இடங்களில் வழக்கமாகிவிட்டது. கூடாது. குடலைப் பல இடங்களில் கீறி வாயுவை வெளியேற்றி, கல்லீரலையும் நுரையீரலையும் துண்டுகளாக்கி, தடித்த பிளாஸ்டிக் பையில் போட்டு, நீர்க்காத ஃபார்மலின் ஒரு லிட்டர் ஊற்றிக் குலுக்கிக் கட்டுங்கள். குழியின் சுவரெல்லாம் ஃபார்மலினில் நனைத்த பஞ்சால் தடவிக் காயவிட்டு, மரத்தூள் பரப்பி, பையை உள்ளே வைத்து, மார்புத் தட்டை மேலே பொருத்துங்கள். கழுத்துப் பள்ளத்தைப் பஞ்சால் நிரப்பாவிட்டால் தொண்டை உள்வாங்கித் தெரியும்.

தையலைப் பூப்பெலும்பிலிருந்து கழுத்து நோக்கிப் போடுங்கள். மெழுகு பூசிய தடித்த நூலில், ஊசியை ஒவ்வொரு முறையும் தோலின் உள்பக்கத்திலிருந்து வெளியே எடுத்து, பக்கம் மாற்றி, ஒரு செ.மீ. இடைவெளியில். ஒவ்வொரு தையலையும் இழுத்து இறுக்கிய பிறகே அடுத்தது. நம் ஊரில் உடலைக் குளிப்பாட்டுவார்கள், புரட்டுவார்கள், தலைக்கு எண்ணெயும் சீயக்காயும் வைப்பார்கள். அதைத் தாங்க வேண்டும் இந்தத் தையல்.

மண்டைக் குழியை உலர்த்தி, முதுகுத்தண்டுத் துளையைப் பிளாஸ்டர் ஆஃப் பாரிஸால் அடைத்து, ஃபார்மலினில் நனைத்துப் பிழிந்த பஞ்சை நிரப்புங்கள். மண்டையோட்டு மூடியைப் பொருத்தி, இரு பொட்டுத் தசைகளையும் சேர்த்துத் தையுங்கள். இதை விட்டால் மூடி வழுக்கி நெற்றியில் ஒரு படி தெரியும். பிறகு காதிலிருந்து காது வரை உச்சித் தோலை நெருக்கமாகத் தைத்து முடியை மேலே சீவுங்கள். வழுக்கைத் தலையாக இருந்தால் தாடைக்குக் கட்டும் துணியை உச்சி வழியாகச் சுற்றிக் கட்டச் சொல்லலாம்.

அறுக்கப்பட்ட குழந்தையின் தலை

இங்கே ரம்பம் பயன்பட்டிருக்காது. உச்சிக்குழியிலிருந்து எலும்பு இணைப்புகள் வழியே கத்தரித்து, எலும்புகளைப் பூவிதழ்கள் போல் வெளியே மடித்திருப்பார்கள். எலும்பு மெல்லியது, வளையும். பஞ்சைக் கொஞ்சம் அதிகம் திணித்தாலும் இணைப்பு விரிந்து நெற்றி புடைக்கும். முதலில் எலும்புகளை மூடிப் பார்த்து, அவை தாமாகப் பொருந்தும் அளவுக்கே பஞ்சு வையுங்கள். ஓரங்களில் நான்கைந்து இடத்தில் சொட்டுப் பசை. தோலுக்கு மெல்லிய அறுவைச் சிகிச்சை நூலில் அரை செ.மீ. இடைவெளித் தையல். மார்பிலும் வயிற்றிலும் 20 அல்லது 22 கேஜ் உறையால் இலியாக், சப்கிளேவியன், கரோட்டிட் ஆறிலும் 20 முதல் 60 மி.லி. வரை கொடுக்கலாம். கிடைக்காத தமனிக்காகச் சதையைக் கிளறாமல் தோலடி ஊசிக்குப் போய்விடுங்கள்.

பெட்டிக்குள் வைக்கும் முன்

வேலை முடிந்து குறைந்தது நான்கு மணி நேரம் மேசையில் வைத்துப் பாருங்கள். விமானம் பறக்கும்போது உள்ளே காற்றழுத்தம் தரைமட்டத்தில் இருப்பதில் சுமார் முக்கால் பங்காகக் குறையும். வயிற்றில் மிஞ்சிய வாயு விரிந்து மூக்கிலும் வாயிலும் தையலிலும் கசிவைத் தள்ளும். மூக்கு, தொண்டை, ஆசனவாய் மூன்றையும் பஞ்சால் அடைத்து, தையல் மேல் ஒட்டும் பிளாஸ்டிக் தாளை இட்டு, உடலை பாடி பேக்கில் வைத்த பிறகே காற்றுப் புகாத பெட்டியை மூடலாம். எம்பாமிங் சான்றிதழில் பிரேதப் பரிசோதனை முடிந்த உடல் என்பதையும், எந்தெந்தத் தமனிகள் வழியாக, எந்த வீரியத்தில், மொத்தம் எத்தனை லிட்டர் கொடுக்கப்பட்டது என்பதையும், தொடங்கி முடித்த நேரத்தையும் எழுதுங்கள். போய்ச் சேரும் ஊரில் பெட்டியைத் திறப்பவருக்கு வேறெந்தத் தகவலும் கிடைக்காது.